டிஸ்சார்ஜ் ஆன பிறகு சீழ்! கணக்கில் வராத ஆபரேஷன் புண்கள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆயாவுக்குக் காபி காசு கொடுத்தாகிவிட்டது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கும் வந்தாகிவிட்டது.

எட்டாவது நாள் தையல் போட்ட இடம் சிவக்கிறது. தொட்டால் சுடுகிறது. பத்தாவது நாள் சீழ்!

பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கேட்டால் இந்தக் கதையைத் தெருவுக்கு ஒருவர் சொல்வார். ஆனால் ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரைப் புரட்டினால் அதே ஆபரேஷன் "வெற்றி" என்றுதான் இருக்கும். சீழ் வைத்த சேதி அங்கே போய்ச் சேருவதே இல்லை.

ஏன் சேருவதில்லை? சேர்ந்தால் என்ன ஆகும்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

100-க்கு 66

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நம் நாட்டில் 3 பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரு கணக்கு எடுத்தது. டெல்லி எய்ம்ஸ் விபத்து சிகிச்சை மையம், மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி, மணிப்பால் கஸ்தூர்பா ஆஸ்பத்திரி ஆகியவைதான் அந்த மூன்றும். கணக்கின் முடிவு 2024-ல் வெளியே வந்தது.

ஆபரேஷன் செய்துகொண்ட 3 ஆயிரத்து 90 பேரை விடாமல் கவனித்தார்கள். அதில் 161 பேருக்குப் புண்ணில் கிருமி பற்றியது. அதாவது 5.2 சதவீதம். 2 மணி நேரத்துக்கு மேல் நீண்ட ஆபரேஷன்களில் ஆபத்து அதிகம் என்றும் தெரிந்தது.

"பரவாயில்லையே, நூற்றுக்கு ஐந்துதானே" என்று தோன்றும். ஆனால் அடுத்த எண்ணைப் பாருங்கள். இப்படிச் சீழ் வைத்தவர்களில் 66 சதவீதம் பேரை, டிஸ்சார்ஜ் ஆன பிறகு விசாரித்துத்தான் கண்டுபிடித்தார்கள். வார்டில் படுத்திருந்தபோது அவர்கள் நல்லபடியாகத்தான் இருந்தார்கள்.

வீட்டுக்குப் போனவரைத் தேடிக் கேட்காமல் இருந்திருந்தால், மூன்றில் இரண்டு கேஸ் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அப்போது ஆஸ்பத்திரியின் கணக்கு 5 என்று வராது. 2-க்கும் கீழே நிற்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் மெச்சிக்கொள்ளலாம்!

புகாரை வாங்காத போலீஸ் ஸ்டேஷனில் குற்றமே நடக்காது அல்லவா, அந்த மாதிரி.

கத்திரிக்காய் மேல் பழி

சீழ் வைத்தால் நம் வீடுகளில் முதல் விசாரணை அடுப்படியில் நடக்கும். "கத்திரிக்காய் சாப்பிட்டாளா?" "கருவாடு போட்டீங்களா?" "பருப்பு ஆகாதுன்னு சொன்னேனே!" அதுவும் இல்லையென்றால், "தண்ணி பட்டுடுச்சா?"

ஆபரேஷன் ஆனவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். கூடவே சமைத்துப் போட்ட மாமியாரோ மருமகளோ நிற்பார். கடைசியில், "நம்ம தப்புதான்" என்று முடிவு செய்து, பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு, மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். பெரியாஸ்பத்திரிக்குத் திரும்பிப் போவதென்றால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் செலவு வேறு. ஓ.பி. வரிசையில் காலை 7 மணிக்கு நிற்க வேண்டும்.

இதில் கத்திரிக்காய்க்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. கிருமி உள்ளே புகுந்ததால்தான் சீழ் வைக்கிறது. பருப்பும் முட்டையும் புண் ஆறுவதற்கு வேண்டிய சத்து உள்ள சாப்பாடு. பத்தியம் என்ற பெயரில் வெறும் கஞ்சியை ஊற்றி ஆளைச் சோர வைத்தால், ஆற வேண்டிய புண்தான் தாமதப்படும்.

கிருமி வருவது எப்படி?

பெரும்பாலும் அது நோயாளியின் உடம்பிலேயே இருக்கும் கிருமிதான். தோலிலும் மூக்குக்குள்ளும் "ஸ்டாபைலோகாக்கஸ்" என்ற கிருமி சும்மா குடியிருக்கும். அங்கே இருக்கிறவரை தொந்தரவு இல்லை. கத்தி பட்டுத் தோல் திறந்ததும் உள்ளே இறங்கிவிடும். குடலில் ஆபரேஷன் என்றால் அங்கே குடியிருக்கும் "ஈ.கோலை" போன்ற கிருமிகள் வெளியே வரும். இதுதவிர டாக்டர், நர்சு கைகள், கத்தி, கத்தரி, தியேட்டர் காற்று, சரியாக வேகாத துணி என்று மற்ற வழிகளும் உண்டு.

ஆகவே ஒரே ஓர் ஆளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டால் முடிந்துவிடும் கேஸ் இல்லை இது. எந்தக் கதவு திறந்திருந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

சவரம் ஆகாது

ஒரு கதவு, ரொம்பப் பேருக்குத் தெரியாத கதவு, சவரக் கத்தி!

ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி வார்டுக்கு ஆள் வந்து மழமழ என்று வழித்துவிட்டுப் போவது பழைய வழக்கம். சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். ஆனால் கத்தி ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. ராத்திரி முழுவதும் அந்தக் கீறல்களில் கிருமி பெருகுகிறது. காலையில் அதே இடத்தில்தான் டாக்டர் கத்தி வைக்கிறார்.

கனடாவில் கல்கரி நகர ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் குரூஸ் என்பவர் 10 வருடம் உட்கார்ந்து இதைக் கணக்குப் பார்த்தார். மொத்தம் 62 ஆயிரத்து 939 ஆபரேஷன் புண்கள். முடிவை 1980-ல் வெளியிட்டார். சுத்தமான ஆபரேஷன்களை மட்டும் எடுத்துப் பார்த்ததில், சவரம் செய்தவர்களில் 2.5 சதவீதம் பேருக்குச் சீழ். முடியைக் கத்தரித்தவர்களில் 1.7 சதவீதம். முடியைத் தொடாமலே விட்டவர்களில் 0.9 சதவீதம்தான்!

முடியைச் சவரம் செய்யக்கூடாது, அவசியம் என்றால் கிளிப்பர் மிஷினால் கத்தரித்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்றைக்கும் "பிளேடு வாங்கிட்டு வா" என்று யாராவது சீட்டு எழுதிக் கொடுத்தால், "மிஷின் இல்லீங்களா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

ஊசி போடும் நேரம்

இன்னொரு சங்கதி ஊசி. ஆபரேஷன் முடிந்து 5 நாள், 7 நாள் ஊசி போட்டால்தான் நம் ஜனங்களுக்குத் திருப்தி. "இந்த ஆஸ்பத்திரியில ஊசியே போட மாட்டேங்குறாங்க" என்று குறை சொல்வார்கள். உண்மையில் வேலை செய்வது, கத்தி வைப்பதற்கு முன்னால் போடும் ஊசிதான். கத்தி வைக்கும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். திருடன் வருவதற்கு முன்னாலேயே வாசலில் காவல் நிற்க வேண்டாமா?

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் 2 ஆயிரத்து 847 பேரைக் கவனித்து 1992-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தவர்களில் 0.6 சதவீதம் பேருக்குத்தான் புண்ணில் கிருமி. அதற்கும் ரொம்ப முன்னாலேயே கொடுத்தவர்களில் 3.8 சதவீதம். ஆபரேஷன் தொடங்கி 3 மணி நேரத்துக்குப் பிறகு கொடுத்தவர்களில் 3.3 சதவீதம். மருந்து மாறவில்லை. கடிகாரம்தான் மாறியது.

சீழ் வராமல் இருப்பதற்காக என்று ஆபரேஷனுக்குப் பிறகும் நாள் கணக்கில் ஊசி போட்டுக்கொண்டே போவதால் லாபம் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நஷ்டம் உண்டு. மருந்துக்குப் பழகிய கிருமி அடுத்த கட்டிலுக்குப் போகும். 66 நாடுகளில் 343 ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து எடுத்து 2018-ல் வெளியான ஒரு கணக்கில், வயிற்று ஆபரேஷன் புண்களில் கண்ட கிருமிகளில் 21.6 சதவீதம், முன்கூட்டிப் போட்ட மருந்துக்கே அடங்காதவை. அதே கணக்கில், முன்னேறிய நாடுகளில் 9.4 சதவீதம் பேருக்குப் புண்ணில் கிருமி பற்றியது. பின்தங்கிய நாடுகளில் 23.2 சதவீதம்.

ஆவி சொல்லும் சாட்சி

கத்தி, கத்தரி, துணி எல்லாம் "ஆட்டோகிளேவ்" என்ற ஆவிப் பெட்டியில் வேக வேண்டும். 121 டிகிரி சூடு. நம் வீட்டு குக்கர் மாதிரிதான், ஆனால் பெரிய குக்கர். மூட்டைக்குள் ஆவி போகாமல் இருந்தால் வெளியே சூடு, உள்ளே கிருமி.

வெந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? மூட்டை மேல் ஒட்டும் டேப்பில் கோடுகள் கறுத்தால் மேலே சூடு பட்டது என்று அர்த்தம். உள்ளே? அதற்குத்தான் உயிருள்ள சாட்சி ஒன்று வைக்கிறார்கள். கொதி சூட்டிலும் லேசில் சாகாத ஒரு கிருமியின் வித்தைச் சின்னக் குப்பியில் அடைத்து உள்ளே அனுப்புவார்கள். வெளியே எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள். அது செத்திருந்தால் மற்றதெல்லாமும் செத்திருக்கும். அது முளைத்தால் அன்றைக்கு வேகவைத்த மூட்டை அத்தனையும் திரும்ப வர வேண்டும். இந்தக் குப்பி சோதனையைக் குறித்து வைக்கும் நோட்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டும். அதிகாரிகள் இன்ஸ்பெக்ஷனுக்குப் போனால் பூந்தொட்டியைப் பார்ப்பதற்கு முன் அந்த நோட்டைப் பார்ப்பது உத்தமம்.

பணம் வேண்டாம், கிளவுஸ் போதும்

"அரசாங்க ஆஸ்பத்திரியில் வசதி இல்லை, அதனால்தான் சீழ்" என்று சொல்கிறவர்கள் உண்டு. பாதி உண்மை. தண்ணீர் வராத குழாயில் டாக்டர் எப்படிக் கை கழுவுவார்? ஆனால் எல்லாவற்றுக்கும் பணம்தான் மருந்து என்பதும் சரியில்லை.

இந்தியா உள்பட 7 நாடுகளில் 54 ஆஸ்பத்திரிகளில் ஒரு பரிசோதனை நடந்தது. விலை கூடின குளோர்ஹெக்ஸிடின் மருந்தால் தோலைத் துடைத்தார்கள். கிருமிநாசினி பூசிய விசேஷ நூலால் தைத்தார்கள். மறுபக்கம் பழைய அயோடின் கரைசல், சாதா நூல். 5 ஆயிரத்து 788 பேர். 2021-ல் முடிவு வந்தது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை!

அடுத்த பரிசோதனை அதைவிடச் சுவாரசியம். வயிற்று ஆபரேஷன் முடிந்து தையல் போடும் முன், போட்டிருந்த கிளவுசைக் கழற்றிப் புதிதாக மாட்டிக்கொள்ள வேண்டும். அழுக்கான கத்தரி, இடுக்கியை வைத்துவிட்டு வேறு எடுக்க வேண்டும். அவ்வளவுதான். இதுவும் இந்தியா உள்பட 7 நாடுகளில்தான் நடந்தது. 81 ஆஸ்பத்திரிகள், 13 ஆயிரத்து 301 பேர். 2022-ல் முடிவு. சீழ் 18.9 சதவீதத்தில் இருந்து 16 சதவீதமாக இறங்கியது.

3 சதவீதம் என்றால் அலட்சியமாகத் தோன்றும். வருடத்துக்கு ஆயிரம் வயிற்று ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரியில் அது 29 குடும்பம். 29 பேர் மறுபடி தையல் பிரித்து, மறுபடி கட்டில் பிடித்து, மறுபடி கடன் வாங்காமல் தப்பிக்கிறார்கள். செலவு ஒரு ஜோடி கிளவுசும், வேகவைத்த இன்னொரு செட் கருவியும்.

தியேட்டரில் ஒரு "செக்லிஸ்ட்" காகிதத்தை உரக்கப் படிப்பதும் இந்த ரகம்தான். ஊசி போட்டாச்சா, பஞ்சு எண்ணிக்கை சரியா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். டெல்லி உள்பட உலகில் 8 நகரங்களில் செய்து பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். புண்ணில் கிருமி 6.2 சதவீதத்தில் இருந்து 3.4 ஆகக் குறைந்தது. சாவும் 1.5-ல் இருந்து 0.8 ஆகிவிட்டது.

எண்ணிய டாக்டர்

எண்ணிப் பார்த்தால்தான் எல்லாம் தெரியும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. ஆஸ்திரியா நாட்டில் வியன்னா பொது ஆஸ்பத்திரி. ஏழைப் பெண்கள் பிரசவத்துக்கு வரும் இடம். 1847 ஏப்ரல் மாதம் ஒரு வார்டில் பிரசவித்த பெண்களில் 100-க்கு 18 பேர் ஜுரத்தில் செத்தார்கள். அங்கே வேலை பார்த்த செம்மல்வைஸ் என்ற டாக்டர் மாதாமாதம் சாவை எண்ணினார். பிணம் அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்ப்பதுதான் காரணம் என்று ஊகித்தார். மே மாதம் முதல் எல்லோரும் குளோரின் தண்ணீரில் கை கழுவ வேண்டும் என்றார். ஜூனில் சாவு 100-க்கு 2 ஆகிவிட்டது. கிருமி என்றால் என்ன என்றே அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எண்ணிக்கைதான் அவருக்கு வழி காட்டியது.

அமெரிக்காவில் 338 ஆஸ்பத்திரிகளில் பெரிய ஆய்வு ஒன்று நடந்து 1985-ல் முடிவு வந்தது. புண்களை ஒழுங்காகக் கணக்கெடுத்து, "உங்கள் கையில் இத்தனை பேருக்குச் சீழ்" என்று அந்தந்த டாக்டரிடமே சொல்லி, 250 படுக்கைக்கு ஒரு தனி நர்சு போட்டுக் கண்காணித்த இடங்களில், ஆஸ்பத்திரியில் தொற்றும் வியாதிகள் 32 சதவீதம் குறைந்தன. ஒன்றும் செய்யாத ஆஸ்பத்திரிகளில் 18 சதவீதம் கூடின!

250-க்கு ஒருவர் என்றால் 1,000 படுக்கை ஆஸ்பத்திரிக்கு 4 நர்சு. அவர்களுக்கு இதே வேலையாக இருக்க வேண்டும். வார்டில் ஆள் குறைகிறது என்று பாதி நாள் ஊசி போட அனுப்பினால், ராத்திரி ரோந்து போலீசைக் கோவில் திருவிழா பந்தோபஸ்துக்கு அனுப்பிய கதைதான்.

இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் எலும்பு ஆபரேஷன்களில் இந்தக் கணக்கைக் கொடுத்தே தீர வேண்டும் என்று 2004 ஏப்ரலில் உத்தரவு போட்டார்கள். வருடத்தில் குறைந்தது 3 மாதமாவது எண்ண வேண்டும். எண்ணாமல் இருக்க முடியாது.

ஒரே நாளில் 83

எண்ணாமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கறுப்பு நாள் ஒன்று உண்டு. 2014 நவம்பர் 8-ந்தேதி சத்தீஷ்கார் மாநிலம் பிலாஸ்பூர் அருகே குடும்பக் கட்டுப்பாடு முகாம். பூட்டிக்கிடந்த கட்டிடத்தில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் ஆபரேஷன். ஒரு டாக்டர் குழு ஒரு நாளில் 30-க்கு மேல் செய்யக்கூடாது என்பது அரசாங்க விதி. வீட்டுக்கு அனுப்பிய பெண்கள் ஒவ்வொருவராக வாந்தியும் வயிற்று வலியுமாகத் திரும்பி வந்தார்கள். 10-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். கிருமியா, கொடுத்த மாத்திரையில் விஷமா என்று பிறகு வாதம் நடந்தது. 2016 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, இந்த மாதிரி முகாம்களையே 3 வருடத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

தாய்மார்களுக்கு

நம் தமிழ்நாட்டில் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, அரசு ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 36 சதவீதம் சிசேரியன். ஆகவே தையல் புண்ணோடு வீடு திரும்பும் கூட்டத்தில் பச்சை உடம்புக்காரிகள் நிறையப் பேர். குழந்தைக்குப் பால் கொடுப்பதா, புண்ணைப் பார்ப்பதா?

இங்கே ஒரு வசதி இருக்கிறது. பிரசவித்த தாயைப் பார்க்க கிராம சுகாதார நர்சு வீட்டுக்கு வருகிறார். குழந்தையை எடை போடுகிறார். அப்படியே தாயின் தையலையும் பார்த்து, சீழ் இருந்தால் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே ஒரு போன் போட்டுச் சொன்னால் கணக்கில் ஏறிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் நோயாளியின் போன் நம்பரை எழுதி வைத்து, மாதக் கடைசியில் ஆஸ்பத்திரியே கூப்பிட்டுக் கேட்டாலும் சரிதான். "அம்மா, புண் ஆறிடுச்சா? சீழ், காய்ச்சல் இருந்துச்சா?" என்று கேட்க 2 நிமிடம் ஆகாது.

நீங்கள் கவனிக்க வேண்டியது

ஆபரேஷனுக்கு முன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். சர்க்கரை வியாதி இருந்தால் மறைக்காதீர்கள். பீடி, சிகரெட்டை 4 வாரம் முன்னாலேயே நிறுத்துவது நல்லது. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் கட்டிலில் உட்கார வேண்டாம். கட்டைப் பிரித்து, "எப்படி இருக்கு பார்ப்போம்" என்று எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் புண் மேல் மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி மறுபடி கூடினால், புண் சிவந்தால், சுட்டால், வாய் திறந்தால், நீரோ சீழோ கசிந்தால், காய்ச்சல் வந்தால், தெரு கிளினிக் வேண்டாம். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே டிஸ்சார்ஜ் சீட்டோடு போங்கள். சீழை எடுத்து லேபுக்கு அனுப்பினால்தான் எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று தெரியும். மாத்திரையை முன்னாலேயே விழுங்கிவிட்டுப் போனால் லேபில் கிருமி பிடிபடாமல் போகலாம்.

எத்தனை நாள் கவனிக்க வேண்டும்? சாதாரண ஆபரேஷனுக்கு 30 நாள். எலும்பில் பிளேட், ஸ்குரூ வைத்திருந்தால் 90 நாள். ஆபரேஷன் நடந்த நாளையே முதல் நாளாக எண்ண வேண்டும். ஜனவரி 5-ந்தேதி ஆபரேஷன் என்றால், பிப்ரவரி 3-ந்தேதி 30-வது நாள். அதற்குள் சீழ் வந்தால் அது ஆஸ்பத்திரிக் கணக்கு. கத்திரிக்காய்க் கணக்கு அல்ல.